அடைத்த கதவும் அகன்ற வலையும்

பழைய கோவில்களின் பக்கச் சுவரோரம் பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்று இருக்கும். தவக்காலத்தின் கடைசி நாள்களில் அதன்முன் நீண்ட வரிசை நிற்கும். அவ்வரிசையில் ஓர் அழகிய வழக்கத்தைக் காணலாம். முழந்தாளிட்டிருப்பவருக்கும் அவருக்கு அடுத்து நிற்பவருக்கும் இடையே எப்போதும் நான்கைந்து அடி இடைவெளி இருக்கும். தரையில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. விலகி நிற்குமாறு எந்தப் பலகையும் அறிவிக்கவில்லை. முன்னவர் சொல்வது தம் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று பின்னவர் தாமாகவே விலகி நிற்கிறார். விவரம் அறியாமல் முன்னே நகரும் சிறுவனை ஒரு பாட்டி தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வழிவழியாக அறிந்திருக்கும் மரியாதை இது.

அதே வரிசையில் நின்று அதே மரியாதையைக் காத்த நாம், கோவிலை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசியை எடுக்கிறோம். அடுத்த வீட்டு நோயாளியின் படுக்கை, எதிர்த் தெருப் பிள்ளையின் தேர்வுத் தோல்வி, உறவினர் குடும்பத்துச் சண்டை ஆகிய யாவும் நம் விரல் நுனியிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து போகின்றன. அங்கே நான்கடி இடைவெளி எதுவும் இல்லை.

சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்துவோர் அங்கே அந்தரங்கத்தை எதிர்பார்க்கலாமா என்னும் கேள்வியை அறிஞர்களும் வழக்குரைஞர்களும் பல ஆண்டுகளாக விவாதித்து வருகின்றனர். எங்கள் அன்பியத்துக்கு அக்கேள்வி நூல்களின் வழியாக வரவில்லை. ஓர் அரிசிப் பையின் வழியாக வந்தது. அதைச் சொல்வது எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

*

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, தாமிரபரணிக் கரையை ஒட்டிய எங்கள் பங்கில் அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்களே மிகுதி. ஏப்ரல் மாதத்தில் பல வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அன்பியத்தினர் கூடிப் பேசினோம். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மஞ்சள்தூள் என ஒரு பை. கோவில் வளாகத்தில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிறுத்தி, வரிசையாகக் கொடுத்தோம்.

கொடுத்த ஒவ்வொரு பையையும் படம் எடுத்தோம். அதற்கு நியாயமான காரணம் இருப்பதாகவே அன்று எண்ணினோம். பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். படத்தைப் பார்த்து மற்றவர்களும் உதவ முன்வருவார்கள். எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். படம் தெளிவாக அமைய வேண்டுமே என்று, “கொஞ்சம் கீழே இறக்குங்க, முகம் தெரியட்டும்” என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர்களும் இறக்கினார்கள். நோய்க்கு அஞ்சி அரசே மூடச் சொன்ன முகத்தை, பத்துக் கிலோ அரிசிக்காக நாங்கள் திறக்கச் சொன்னோம். சொன்னவர் யார் என்பது இங்கே பொருட்டன்று. எங்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று தடுக்கவில்லை.

படங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. வெளிநாட்டு அன்பர்களுக்காக முகநூலிலும் இட்டோம். அங்கே ‘நண்பர்கள் மட்டும்’ என்று வரம்பு கட்டித்தான் இட்டோம். அதில் ‘மட்டும்’ என்ற சொல் ஒரு வேலி என்றே நம்பினோம்.

ஊரடங்கு சற்றுத் தளர்ந்த ஆனி மாதத்தில் ஒரு மாலை, எங்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தோம். பை வாங்கியவர்களில் ஒருவர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டியவர். பள்ளிகள் மூடியதும் வேன் நின்றுவிட்டது. அந்த ஆண்டு தை மாதத்தில்தான் மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார். கையில் இருப்பு இருக்கிறது, கவலைப்படாதே என்று மகளிடம் தொலைபேசியில் சொல்லி வந்திருக்கிறார். எங்கள் படம் கடல் கடந்து போய், யாரோ ஒருவர் கையிலிருந்து வேறொரு குழுவுக்குத் தாவி, மகளின் மாமியார் வீட்டுக் கைப்பேசியில் போய் இறங்கியது. “ஒங்கப்பா அரிசிக்குக் கைய நீட்டிக்கிட்டு நிக்காராமே” என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொல். இலையை மடித்துவிட்டு எழுந்த மகள், அன்றிரவு தகப்பனை அழைத்து, “எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?” என்று கேட்டிருக்கிறாள்.

அவர் சினந்து பேசவில்லை. எங்களில் மூத்தவரைப் பார்த்து, “அரிசி வாங்குனதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பசிச்சது, வாங்குனேன். பிள்ள வீட்டுக்குத் தெரியாம இருந்துருந்தா நல்லாருந்துருக்கும். அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க” என்றார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிட்டோம். ஆனால் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்ட படத்தை யார் எடுப்பது? புறணி பேசிய பெண்ணிடம், தெருவெல்லாம் கோழி இறகைப் பிய்த்துப் போட்டு, பிறகு அத்தனையையும் பொறுக்கி வருமாறு புனித பிலிப்பு நேரி சொன்ன கதையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை நாங்களே சொல்லியிருக்கிறோம். அன்று இறகு எங்கள் கையிலிருந்தே பறந்திருந்தது.

*

அவர் போனபின் திண்ணையில் வாதம் எழுந்தது. எங்களில் இளையவர் ஒருவர் சொன்னார்: “வலையில் ஒன்றைப் போட்டுவிட்டு அந்தரங்கத்தை எதிர்பார்ப்பது, சந்தையில் நின்று பேசிவிட்டு யாரும் கேட்கக் கூடாது என்பது போல.” மற்றொருவர் மறுத்தார்: “நண்பர்களுக்கு மட்டும் என்றுதானே போட்டோம்? அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லையா?” இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. இருவரும் ‘எதிர்பார்த்தல்’ என்ற ஒரே சொல்லை இரு பொருளில் ஆண்டதால்தான் வாதம் முடிவுக்கு வரவில்லை.

உழவர் மழையை எதிர்பார்க்கிறார். கூலியாள் கூலியை எதிர்பார்க்கிறார். இரண்டும் ஒன்றல்ல. மழை வருமா வராதா என்பது கணிப்பு. கூலியோ உரிமை. முதலாளி ஏமாற்றுக்காரர் என்று தெரிந்த கூலியாள் அன்று மாலை பணம் கைக்கு வரும் என்று நம்பாமல் இருக்கலாம். அதனால் அவருக்குச் சேர வேண்டிய கூலி இல்லையென்று ஆகிவிடாது. கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுவது இப்பொருளில்தான்.

சமூக வலைத்தளத்தில் அந்தரங்கம் காக்கப்படும் என்று, மழையை எதிர்பார்ப்பது போல, எதிர்பார்க்கலாமா? கடந்த இருபது ஆண்டுகளின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 2004இல் ஒரு கல்லூரி மாணவர் விடுதியில் தொடங்கிய முகநூல், பயன்படுத்துவோரிடம் காசு கேட்பதில்லை. அதன் வருவாயில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. யார் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எந்தப் படத்தின்மேல் எத்தனை நொடி நிற்கிறார் என்பதையெல்லாம் அறிந்தால்தான் அந்த விளம்பரம் விலை போகும். ஆகவே நம்மைப் பற்றி அறிந்துகொண்டே இருப்பதுதான் அதன் தொழில். 2010 ஜனவரியில் அதன் நிறுவனர் மார்க் சக்கர்பர்க், மக்கள் தம்மைப் பற்றிய செய்திகளை மேலும் மேலும் வெளிப்படையாகப் பகிர விரும்புகிறார்கள், சமூக வழக்கமே மாறிவிட்டது என்னும் பொருள்படப் பேசினார். அவரே 2013இல் தம் வீட்டை ஒட்டியிருந்த நான்கு வீடுகளை விலை கொடுத்து வாங்கினார் என்று அமெரிக்க நாளேடுகள் எழுதின. அக்கம்பக்கத்தின் கண்ணிலிருந்து தம் குடும்பத்தைக் காக்க விரும்பிய அந்த மனிதரை நாம் குறை சொல்லவில்லை. ஓரறை வீட்டில் இருக்கும் வேன் ஓட்டுநருக்கும் அதே விருப்பம் உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். அவரிடம் நான்கு வீடு வாங்கப் பணம் இல்லை. அவருக்கு இருந்த ஒரே மதில் நம்முடைய மௌனம்.

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் வெளியே வந்தது. ஆளுமைச் சோதனை என்ற பெயரில் அமைந்த ஒரு செயலி, அதைத் தம் கணக்கில் இணைத்துக்கொண்டவர்களின் விவரங்களை மட்டுமன்றி, அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே கூறியது. இந்தியாவைப் பற்றி அது தந்த கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இந்நாட்டில் அச்செயலியை இணைத்துக்கொண்டவர்கள் 335 பேர். செயலியை இணைத்துக்கொண்டவர்களின் நண்பர்கள் என்பதாலேயே விவரம் போயிருக்கக் கூடியவர்கள் 5,62,120 பேர். அந்த ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களுக்கு நண்பர் ஒருவர் இருந்தார். அவர் யோசியாமல் ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவே.

இதை ஒட்டி அமெரிக்காவில் எழுந்த வழக்கில், நாம் எடுத்துக்கொண்ட கேள்வி நேருக்கு நேராகவே நீதிமன்றம் ஏறியது. 2019 மே மாதத்தில் முகநூலின் வழக்குரைஞர், நண்பர்களிடம் ஒன்றைப் பகிர்ந்த அக்கணமே ஒருவர் அதன்மீதுள்ள அந்தரங்கத்தை இழந்துவிடுகிறார், இல்லாத ஒன்றை எவ்வாறு மீற முடியும் என்று வாதிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி வின்ஸ் சாப்ரியா அவ்வாதத்தை ஏற்க மறுத்தார். சிலரிடம் சொல்வதும் எல்லோரிடமும் சொல்வதும் ஒன்றல்ல. குறிப்பிட்ட சிலருக்கென்று பகிர்ந்ததனால் ஒருவர் தம் உரிமை முழுவதையும் கைவிட்டவர் ஆகமாட்டார் என்பது அவர் தீர்ப்பின் சாரம். தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே, 72.5 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொள்ள அந்நிறுவனம் 2022 டிசம்பரில் இசைந்தது. அதற்கு முன்னரே, 2019 ஜூலையில், அமெரிக்க வணிக ஆணையம் அதன்மீது 500 கோடி டாலர் தண்டம் விதித்திருந்தது.

ஆக, மழையாக எண்ணினால், எதிர்பார்க்க வேண்டாம். கூலியாக எண்ணினால், எதிர்பார்க்கத்தான் வேண்டும். கேட்டும் பெற வேண்டும். நம் நாட்டிலும் அவ்வுரிமை ஏட்டில் ஏறிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையோடும் தன்மதிப்போடும் பிரிக்க இயலாதது அது என்றனர். இதன் தொடர்ச்சியாக எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் தம்மைப் பற்றிய விவரத்தைத் தாமே பொதுவெளியில் வைத்தால், அவ்விவரத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. தனிமனிதர் ஒருவர் தம் சொந்த, வீட்டு நோக்கங்களுக்காகக் கையாளும் விவரங்களுக்கும் பொருந்தாது. சட்டம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த முனைகிறது. அடுத்த வீட்டுக்காரரின் விரலை அது பிடித்துக்கொண்டிருக்க இயலாது. வாட்ஸ்அப் செய்திகளுக்கு 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் என்னும் பூட்டு போடப்பட்டுள்ளது. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. எனினும் பூட்டு வழிக்குத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் அமர்ந்திருப்பவர் அதைத் திறந்து இன்னொருவருக்கு அனுப்புவதை எந்தப் பூட்டும் தடுக்காது. வேன் ஓட்டுநரின் படத்தை எந்த நிறுவனமும் திருடவில்லை. எந்தக் கள்வனும் உடைத்துப் புகவில்லை. நல்லவர்கள் நல்லவர்களுக்கு அனுப்பினார்கள்.

நம் எண்ணம் இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தரங்கம் கிடைக்குமா என்று கேட்கும் ஒவ்வொருவரும், பிறருக்கு அதைத் தர வேண்டியவராகவும் இருக்கிறார். வாங்க வேண்டிய கூலியைப் பற்றி நெடுநேரம் பேசிய நாங்கள், கொடுக்க வேண்டிய கூலியை அன்றுவரை எண்ணிப் பார்க்கவே இல்லை.

*

இக்கடன் கிறிஸ்தவனுக்குப் புதியதன்று. இணைச் சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில், படிக்கும்போதெல்லாம் நம்மை வியப்பில் ஆழ்த்தும் ஒரு கட்டளை இருக்கிறது. அயலானுக்குக் கடன் கொடுத்தவன், அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் பெற்றவனே அதை வெளியே கொண்டுவந்து தர வேண்டும். கொடுத்தவன் என்பதாலேயே ஏழையின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை. நாங்களோ அரிசியைக் கொடுத்த கையோடு கேமராவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டோம்.

நம் ஆண்டவர் நோயுற்றோரைத் தொட்ட விதத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். மாற்கு நற்செய்தியில், காது கேளாத, திக்கிப் பேசும் மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று குணமாக்குகிறார். பெத்சாய்தாவில் பார்வையற்றவரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் செல்கிறார். யாயீர் வீட்டில் கூடியிருந்தோரையெல்லாம் வெளியேற்றிவிட்டு, பெற்றோரையும் சீடர் மூவரையும் மட்டும் உள்ளே அழைத்துக்கொள்கிறார். எழுந்த சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொல்கிறார். நடந்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார். அந்த வீட்டில் நாங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

தருமம் செய்யும்போது முன்னே எக்காளம் ஊதுவோரை ஆண்டவர் கண்டித்த பகுதியை, கொடுப்பவரின் தற்பெருமைக்கு எதிரான எச்சரிக்கையாகவே கேட்டு வந்திருக்கிறோம். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எக்காளம் ஊதினால் கொடுப்பவரை மட்டுமா ஊர் திரும்பிப் பார்க்கும்? வாங்குகிறவரையும் பார்க்கும். வரதட்சணைக்கு வழியின்றித் தவித்த தகப்பன் ஒருவரின் மூன்று பெண்களுக்காக, புனித நிக்கோலாசு இரவில் சன்னல் வழியாகப் பொன்முடிப்பை எறிந்தார் என்று மரபு கூறுகிறது. அவர் ஏன் பகலில் கதவைத் தட்டிக் கொடுக்கவில்லை என்பது, மகளைக் கட்டிக் கொடுத்த அந்த வேன் ஓட்டுநர் வந்து போனபின்தான் எங்களுக்கு விளங்கியது.

திருச்சபை இவ்வுணர்வைச் சட்டமாகவும் மரச்சட்டமாகவும் வடித்து வைத்திருக்கிறது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை வெளியிடும் குருவைப் பணியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுவதும் துறவு மடத்தில் தவம் செய்ய அனுப்பப் பணித்தது. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ, குருவுக்கும் பாவம் அறிக்கையிடுவோருக்கும் நடுவே தடுப்புப் பலகையும் கம்பிவலையும் கொண்ட தொட்டியைத் தம் மறைமாவட்டக் கோவில்களில் அமைக்கச் செய்தார். நாம் தொடக்கத்தில் கண்ட தொட்டி அதன் வழிவந்ததே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எவருடைய நற்பெயருக்கும் முறைகேடாக ஊறு விளைவிக்கக் கூடாது, எவருடைய அந்தரங்க உரிமையையும் மீறக் கூடாது என்று 220ஆம் சட்டத்தில் கூறுகிறது. நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு 34 ஆண்டுகள் முற்பட்டது இது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைவு எப்போதும் நன்மைக்கே பயன்பட்டது என்று நம்மால் கூற இயலாது. சிறுவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள், அந்தரங்கம் என்ற போர்வைக்குள் நெடுங்காலம் மூடி வைக்கப்பட்டன. அத்தகைய வழக்குகளில் திருப்பீட இரகசியம் என்ற கட்டு இனி இல்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் நீக்கினார். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை மட்டும் அப்படியே நிற்கிறது. வலியவரின் குற்றத்தை மூடும் திரை வேறு. எளியவரின் மானத்தை மூடும் ஆடை வேறு. முன்னதைக் கிழிப்பது கடமை. பின்னதைக் கிழிப்பது பாவம். கெடுவாய்ப்பாக, வலைத்தளத்தில் நாம் பெரும்பாலும் கிழிப்பது பின்னதைத்தான். ஏனெனில் அது எளிது.

தமிழருக்கும் இந்நாகரிகம் அந்நியமன்று. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. காதலும் பிரிவும் ஊடலும் பாடப்பட்டன. ஆனால் யாருடையவை என்பது சொல்லப்படவில்லை. பெயரும் ஊரும் கொடையும் வெற்றியும் புறப்பாட்டுக்கு உரியவை. அகம் என்ற சொல்லுக்கு உள்ளம் என்றும் வீடு என்றும் பொருள் இருப்பது தற்செயல் ஆகாது. எதை அகத்தில் வைப்பது, எதைப் புறத்தில் வைப்பது என்று வகுத்துக்கொள்வதையே இலக்கணமாக்கிய மொழியைப் பேசுகிறோம் நாம்.

*

இதனால் வலைத்தளங்களை விட்டு ஓடிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சிக்கியவர்கள் இருந்த இடங்களை வலைத்தளங்களே ஊருக்குச் சொல்லின. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் சமூக வலைத்தளங்களை உண்மையின், நம்பிக்கையின் வாயில்கள் என்று அழைத்தார். வாயில் என்றால் அதற்குக் கதவு உண்டு. திறக்கத் தெரிந்தவனுக்குச் சாத்தவும் தெரிந்திருக்க வேண்டும். செபிக்கும்போது அறைக்குள் சென்று கதவை அடைக்கச் சொன்ன ஆண்டவர், அங்கே மறைவில் காண்பவர் தந்தை ஒருவரே என்றார். அத்தந்தையின் இடத்தில் கைப்பேசியை வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

2023 டிசம்பர் நடுவில் எங்கள் மாவட்டங்களைப் பெருமழை மூழ்கடித்தது. தாமிரபரணி கரைமீறி ஓடியது. மீண்டும் அரிசிப் பை கட்ட வேண்டிய நிலை வந்தது. இம்முறை படம் இல்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கையை மட்டும் பணம் அனுப்பியவர்களுக்கு எழுதினோம். கடைக்காரரின் இரசீதை இணைத்தோம். பெயர்ப் பட்டியல் பங்குத்தந்தையின் மேசையோடு நின்றது. வெளிநாட்டு அன்பர் ஒருவர், “ஒரு படம்கூட இல்லையே, எப்படி நம்புவது?” என்று வருத்தத்தோடு கேட்டார். கேட்டதில் தவறில்லை, அப்படிக் கேட்கப் பழக்கியவர்களே நாங்கள்தாம். அடுத்த முறை அவர் பணம் அனுப்பவில்லை. அந்த இழப்பையும் ஏற்றுக்கொண்டோம்.

பைகளை இரவு எட்டு மணிக்குமேல், வீடுவீடாய், இருவர் இருவராகக் கொண்டு சேர்த்தோம். சுமையை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டியிருந்தது. அந்த வேன் ஓட்டுநரிடம் கேட்கத் தயங்கினோம்; அவரே கேள்விப்பட்டு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொரு தெருமுனைக்கு வந்ததும் முன்விளக்கை அணைத்தார். நாங்கள் யாரும் அவ்வாறு சொல்லவில்லை. இருட்டில் இறங்கிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பி வரும்வரை, அவர் வண்டிக்குள்ளேயே, மறுபக்கம் பார்த்தபடி அமர்ந்திருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னே விலகி நிற்பவரைப் போல.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் அவரிடம் வாசித்துக் காட்டினோம். பெயரும் தெருவும் இல்லாவிட்டாலும், கதை அவருடையது அன்றோ? முழுவதும் கேட்டார். இரண்டு இடங்களில் அடித்துவிடச் சொன்னார். அடித்துவிட்டோம். அவை என்ன என்று வாசகர்கள் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.